முதல் இதழ் இல்லாத தலைவர்

புதுப்பட்டினம் பெஞ்சமினைச் செங்கல்பட்டுத் தடத்தில் இரண்டு விதமாகத் தெரியும். பஸ் ஏறுகிறவர்களுக்கு அவர் கண்டக்டர். படியில் தொங்குகிறவனைச் சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்து, அவன் அப்பன் பேர், தாத்தன் பேரெல்லாம் விசாரித்துவிட்டுத்தான் டிக்கெட் கிழிப்பார். காமிக்ஸ் படிக்கிறவர்களுக்கோ அவர் ‘ஏழு கோட்டை வீரர்கள் வாசகர் மன்றம், கடலோரக் கிளை’யின் தலைவர். மன்றத்துக்குக் கட்டடமும் கிடையாது, பெயர்ப்பலகையும் கிடையாது. ஒரே ஒரு ரப்பர் ஸ்டாம்பு உண்டு. அது டிக்கெட் பையில் விசிலுக்குப் பக்கத்தில் கிடக்கும்.

தொண்ணூற்றொன்பதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பெஞ்சமின் லீவு போட்டுவிட்டு, வெள்ளைச் சட்டை மாட்டிக்கொண்டு, தன் தடத்து பஸ்ஸிலேயே பயணியாக உட்கார்ந்து செங்கல்பட்டுக்குக் கிளம்பினார். ஒருத்தர் வேலையைப் பறிக்கப் போகிறோம் என்று அவர் நினைக்கவில்லை. நியாயம் கேட்கப் போகிறோம் என்றுதான் நினைத்தார். நியாயம் கேட்கப் போகிறவன் முகத்தில் ஒரு பளபளப்பு இருக்கும், பார்த்திருக்கிறீர்களா? அது அன்றைக்கு அவர் முகத்தில் வழிந்தது.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். ‘ஏழு கோட்டை வீரர்கள்’ வெளிநாட்டுக் காமிக்ஸ். அந்த ஊரில் நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, நீ மந்திரவாதி, நான் வாள்வீரன் என்று ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொண்டு, பகடை உருட்டி ஆடுகிற விளையாட்டு ஒன்று உண்டாம். அந்த விளையாட்டிலிருந்து பிறந்த கதை. செங்கல்பட்டில் சின்ன அச்சகம் வைத்திருந்த கோதண்டராமன் அதன் உரிமையை வாங்கி, மாதம் ஒரு இதழாகச் சாணித்தாளில் தமிழில் போட்டார். தமிழில் எழுதுகிறவர் பெயர் ‘தேவி’ என்று உள்ளே பொடி எழுத்தில் இருக்கும். கடைசிப் பக்கத்தில் ‘ஆடுவது எப்படி’ என்று ஒவ்வொரு இதழிலும் கொஞ்சம் கொஞ்சமாக விதிகள் வரும்.

அதில் ஒரு விதி, உயிர் வீச்சு. சண்டையில் அடிபட்டு விழுந்தவருக்காகப் பகடையை உருட்ட வேண்டும். பன்னிரண்டோ அதற்கு மேலோ விழுந்தால் பிழைப்பார். இல்லாவிட்டால் சங்குதான்.

இங்கேதான் நம் ஆட்கள் மூளையைக் கசக்கினார்கள். லூடோக் கட்டையில் ஆறுக்கு மேல் விழாது. பன்னிரண்டு எதில் விழும்? தாயக்கட்டையில் விழும். இரண்டு கட்டையும் வெற்றுமுகம் காட்டினால் பன்னிரண்டு. வெள்ளைக்காரனும் நம்ம தாயம்தான் ஆடுகிறான் என்று மன்றத்துக்கே பெருமை தாங்கவில்லை. புதுப்பட்டினம் டீக்கடையில் பித்தளைக் கட்டையை வைத்து உருட்டி உருட்டி ஆடினார்கள். இவர்கள் ஆட்டத்தில் விழுந்தவன் எவனும் எழுந்திருக்கவே இல்லை. காமிக்ஸிலோ அதுவரை வந்த இதழ்களில் ஒன்பது பேர் விழுந்து நாலு பேர் எழுந்துவிட்டார்கள். அதெப்படி? சந்தேகம் தட்டியது. நூறு தடவை உருட்டிப் பார்த்தார்கள். பன்னிரண்டு ஆறே தடவை விழுந்தது. அப்புறம் கேட்க வேண்டுமா? அந்தத் தேவி தனக்குப் பிடித்த ஆளையெல்லாம் தமிழில் பிழைக்க வைக்கிறாள், மூலத்தில் செத்தவனை உயிரோடு உலவ விடுகிறாள் என்று முடிவே கட்டிவிட்டார்கள்.

பெஞ்சமின் கார்டு எழுதினார். பத்தாம் இதழின் வாசகர் பக்கத்தில் கட்டம் கட்டி வந்தது. ‘தாயத்தில் பன்னிரண்டுக்கு மேல் கிடையாது என்பது எங்கள் ஊரில் பால்குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். தாயக்கட்டையைத் தொட்டே பார்க்காத தேவி அவர்கள் மொழிபெயர்ப்பை விட்டுவிட்டுச் சமைக்கப் போகலாம்.’

கடைசி வரியைப் படித்துவிட்டு மன்றமே விழுந்து விழுந்து சிரித்தது. சிரிப்பு கிடைத்த வாய் சும்மா இருக்குமா? தேவியை மாற்ற வேண்டும் என்று பெஞ்சமின் ஒரு மனு எழுதி, பஸ்ஸிலேயே நாற்பத்துமூன்று கையெழுத்து வாங்கி, ஸ்டாம்பு குத்தி அனுப்பிவிட்டார். கோதண்டராமனிடமிருந்து பதில் வந்தது. ‘ஞாயிறு காலை பதினொரு மணிக்கு அச்சகத்துக்கு வாருங்கள். தேவியும் வருவார். வாசகர்கள் மனுவில் உறுதியாக நின்றால் பன்னிரண்டாம் இதழிலிருந்து வேறு ஆள் எழுதுவார்.’

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, பஸ் ஏறுவதற்கு முன், பெஞ்சமின் அடுப்படியில் நின்று குழம்பைக் கிண்டிக்கொண்டிருந்தபோது, ஆஸ்பத்திரிக் காலை ஷிப்டுக்குக் கிளம்பிய அவர் மனைவி ஜெனிட்டா வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டாள்.

“சர்ச்சுக்கும் போவாம எங்க கெளம்பிகினு கீற? அந்தப் புஸ்தகப் பஞ்சாயத்துக்கா?”

“ஆமா. ஞாயம்னு ஒண்ணு கீதில்ல?”

“இன்னா ஞாயம்? உங்கையில மொத புக்கே இல்ல. நீ போய் அந்தம்மாவ இன்னா கேக்கப் போற?”

“மெதுவாப் பேசுடி! ஊருக்கே கேக்கப் போவுது.”

சுருக்கென்று குத்திவிட்டது. ஏனென்றால் அது நிஜம். முதல் இதழ் பெஞ்சமின் கைக்கு வரவே இல்லை. புதுப்பட்டினம் கடையில் இரண்டாம் இதழ்தான் முதலில் தொங்கியது. மன்றத் தலைவனிடம் முதல் இதழ் இல்லை என்று வெளியே தெரிந்தால் மானம் போச்சு. யாராவது கேட்டால் “அது பொட்டிக்குள்ள பத்திரமா கீது” என்பார். பத்து மாதமாக அந்தப் பொய்யை அடைகாத்துக்கொண்டிருந்தார். ஜெனிட்டாவுக்கு மட்டும்தான் தெரியும்.

பஸ் அணுபுரம் ஸ்டாப்பில் நின்றபோது புதன்கிழமை மேடம் ஏறினார். பேர் தெரியாததால் பெஞ்சமின் வைத்த பேர் அது. அங்கே அணுமின் நிலையக் குவார்ட்டர்ஸில் இருக்கிற அம்மாள். புதன்கிழமை தவறாமல் ஒரு துணிப்பையோடு செங்கல்பட்டுக்குப் போவார். சரியான சில்லறை கொடுப்பார், ஜன்னல் ஓரம் உட்கார்ந்து ஏதோ எழுதிக்கொண்டே வருவார். அன்றைக்குப் பெஞ்சமின் சீட்டுக்கு எதிர்வரிசையில் உட்கார்ந்தார்.

“என்ன கண்டக்டர் சார், இன்னிக்கு நீங்களே டிக்கெட் வாங்கி வர்றீங்க?”

“லீவு மேடம். நீங்க இன்னா, ஞாயித்துக்கெழமைல? கணக்குலயே இல்லியே!”

அந்த அம்மாள் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். “ஒரு பஞ்சாயத்து. என்னைப் பத்தித்தான்” என்றார்.

பஞ்சாயத்து என்ற வார்த்தையைக் காலையில்தான் ஜெனிட்டா வாயிலிருந்து கேட்டிருந்தார் பெஞ்சமின். அந்த அம்மாள் பைக்குள் கையைவிட்டு ஒரு புத்தகத்தை எடுத்தார். சிவப்பு அட்டை. மேலே ‘ஏழு கோட்டை வீரர்கள்’. கீழே ‘இதழ் 1’.

பத்து மாதமாகக் கனவு கண்ட புத்தகம் கையெட்டுகிற தூரத்தில் இருக்கிறது.

“இதை நான்தான் தமிழ்ல எழுதறேன். என் பேர் ஸ்ரீதேவி. புஸ்தகத்துல தேவின்னு போடுவாங்க. நான் ஏமாத்தறேன்னு நாப்பத்துமூணு பேர் கையெழுத்துப் போட்டிருக்காங்க. இன்னிக்கோட என் வேலை போயிடும்னு நினைக்கிறேன்.”

“எதுக்கு மேடம் அப்டி…” என்றார் பெஞ்சமின்.

ஸ்ரீதேவி ஒரு மாத்திரை டப்பாவைத் திறந்து உள்ளங்கையில் கவிழ்த்தார். நீலமாக, நாவல்பழம் அளவுக்கு ஒன்று விழுந்தது. பட்டை பட்டையாக முகம். ஒவ்வொரு முகத்திலும் ஒரு எண். பெஞ்சமின் அதைப் பார்த்திருக்கிறார். எல்லா இதழிலும் அட்டை மூலையில் அதன் படம் இருக்கும். மை அப்பிப்போய் எண் ஒன்றும் தெரியாது. மந்திரவாதியின் மாயக்கல் என்றுதான் மன்றத்தில் எல்லாரும் நினைத்திருந்தார்கள்.

“இது இன்னா மேடம்?”

“பகடை. அந்த விளையாட்டுக்கு இதான் பகடை. இருபது முகம். வெளிநாட்டுக் கம்பெனி புஸ்தகத்தோட அனுப்பினாங்க. முதல் இதழ்லயே ஒரு முழுப்பக்கம் படம் போட்டு விளக்கி எழுதியிருக்கேன். பாருங்க.”

பெஞ்சமின் பார்த்தார். அவருக்குக் கணக்கு சொல்லித்தர வேண்டாம். நாள் முழுக்க மனக்கணக்கிலேயே பிழைக்கிற ஆள். பன்னிரண்டிலிருந்து இருபது வரை ஒன்பது முகம். இருபதுக்கு ஒன்பது. நூற்றுக்கு நாற்பத்தைந்து. ஒன்பது பேர் விழுந்து நாலு பேர் எழுந்தது நூற்றுக்கு நூறு சரி. ஐயோ, ஐயோ! நூறு தடவை உருட்டினது வேறு எதையோ. பன்னிரண்டுக்கு மேல் கிடையாது என்று அந்த அம்மாளுக்கே பாடம் எடுத்தாயிற்று.

“இதைப் படிச்ச எவனும் அப்படி எழுதமாட்டான். படிச்சுட்டும் எழுதினான்னா அது வேணும்னே பண்ணினதுதானே, சார்?” என்றார் ஸ்ரீதேவி. பிறகு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “தாயக்கட்டையைத் தொட்டே பார்க்காத தேவி அவர்கள் மொழிபெயர்ப்பை விட்டுவிட்டுச் சமைக்கப் போகலாம். எனக்கு மனப்பாடம். பதினாலு வருஷமா சமைச்சுட்டுத்தான் இருக்கேன். சமைச்சு, பாத்திரம் கழுவிக் கவுத்துட்டு மத்தியானம் ரெண்டு மணி நேரம் இதை எழுதறேன். குவார்ட்டர்ஸ்ல என் பேர் யாருக்கும் தெரியாது. சாரோட வீட்டம்மா, அவ்வளவுதான். அச்சுல வர்ற அந்த ரெண்டெழுத்துதான் என்னோடதுன்னு இருக்கு. அதுவும் இன்னிக்குப் போச்சு.”

பெஞ்சமினுக்கு அந்த இடத்திலேயே பஸ்ஸிலிருந்து குதித்துவிடலாம் போலிருந்தது. வாய் மட்டும் தானாகத் திறந்தது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்களே, அந்தக் கதை.

“யாரு மேடம் அத எழுதினது?”

“பெஞ்சமின்னு ஒருத்தர். புதுப்பட்டினம்தான், உங்க ஊர். உங்களுக்குத் தெரியுமா?”

பஸ்ஸில் இத்தனை பேர் இருக்கிறார்களே, யாராவது “இன்னா பெஞ்சமின் அண்ணாத்த” என்று கூப்பிட்டுவிட்டால்? முதுகில் வேர்த்தது. வெள்ளைச் சட்டை ஒட்டிக்கொண்டது.

“கேள்விப்பட்டுகீறேன்” என்றார்.

“எப்படிப்பட்ட ஆள்?”

“வாய் கொஞ்சம் நீளம் மேடம்.”

திருக்கழுக்குன்றத்தில் பஸ் நின்றது. பெஞ்சமின் எழுந்து படிக்கட்டுக்குப் போனார். இறங்கிவிட வேண்டியதுதான். எதிர்ப்பக்கம் நின்றால் அடுத்த பஸ்ஸில் வீட்டுக்குப் போய் குழம்பை ஊற்றிச் சாப்பிட்டுத் தூங்கிவிடலாம். ஒரு காலைக் கீழே வைத்தேவிட்டார். ஆனால் மனு அங்கே இருக்கிறது. மன்றச் செயலாளர் பார்த்தசாரதி, சதுரங்கப்பட்டினத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவன், தாயக்கட்டையோடு முதல் பஸ்ஸிலேயே போய்விட்டான். தலைவன் வராவிட்டால் அவன் படிப்பான். அந்த அம்மாள் ஒற்றையாளாக நிற்பார்.

“எறங்கறியா, ஏறறியா அண்ணாத்த? ஆத்துல ஒரு காலு சேத்துல ஒரு காலுன்னு நின்னா எப்டி?” என்று அன்றைய கண்டக்டர் கத்தினான்.

பெஞ்சமின் ஏறினார். ஆனால் ஸ்ரீதேவிக்கு எதிரே போய் உட்காரும் தைரியம் வரவில்லை. செங்கல்பட்டு வரைக்கும் பின்படிக்குப் பக்கத்திலேயே கம்பியைப் பிடித்து நின்றுகொண்டு வந்தார். நான்தான் அந்தப் பெஞ்சமின் என்று சொல்ல அரைமணி நேரம் இருந்தது. சொல்லவில்லை. இதையும் அவர் கணக்கில் சேர்த்துத்தான் ஆக வேண்டும்.

அச்சகத்தில் பதினாறு பேர் பெஞ்சில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மேசைமேல் பித்தளைத் தாயக்கட்டை பளபளவென்று துடைத்து வைக்கப்பட்டிருந்தது, பார்த்தசாரதியின் ஏற்பாடு. ஸ்ரீதேவி மேசைக்கு அந்தப்பக்கம் ஒரு இரும்பு நாற்காலியில் உட்கார்ந்தார். உள்ளே நுழைந்த பெஞ்சமினைப் பார்த்ததும் தெரிந்த முகம் ஒன்றாவது இருக்கிறதே என்று ஆறுதலாகத் தலையசைத்தார். கடவுளே, அந்தத் தலையசைப்பு!

கோதண்டராமன் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, சுற்றிவளைக்காமல் ஆரம்பித்தார். “நாப்பத்துமூணு கையெழுத்து வந்திருக்கு. எனக்கு வாசகர்தான் முதலாளி. மன்றத் தலைவர் புதுப்பட்டினம் பெஞ்சமின் எழுந்து பேசட்டும்.”

பெஞ்சமின் எழுந்தார். ஸ்ரீதேவியின் முகம் அவர் பக்கம் திரும்பியது. முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. அந்த முகம் அப்படியே வெளுத்தது. ‘கேள்விப்பட்டுகீறேன்’ என்று சொன்ன வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“தலைவா, போடு!” என்று பின்னாலிருந்து யாரோ விசிலடித்தான்.

“எங்கிட்ட மொத இதழ் இல்ல” என்றார் பெஞ்சமின்.

விசில் நின்றது.

“இன்னாண்ண சொல்ற?” என்றான் பார்த்தசாரதி.

“இல்லடா. பொட்டிக்குள்ள கீதுன்னு சொன்னதெல்லாம் பொய்யி. நான் மொத இதழப் படிக்கவே இல்ல. அதுல இருபது மூஞ்சி பகடைன்னு படம் போட்டு எழுதிகீறாங்க. அட்டையில நாம மாயக்கல்லுன்னு நெனச்சோமே, அதான் பகடை. தாயக்கட்டையே இல்ல. நாம உருட்டினதெல்லாம் தப்பு. மேடம் எழுதினது ஒவ்வொரு எழுத்தும் சரி. மனுவ நான் வாபஸ் வாங்கறேன்.”

பார்த்தசாரதி வெடித்தான். “தலைவனுக்கே மொத இதழ் இல்லியா! ஒன்ன நம்பிக் கையெழுத்துப் போட்டமே, அசிங்கமா இல்ல? நீ போ. நான் நடத்தறேன். மனு நிக்கட்டும் சார்!”

“ஆமா, ஒருத்தர் வாபஸ் வாங்கினா மீதி நாப்பத்திரண்டு இருக்கே” என்றார் கோதண்டராமன். பெஞ்சமினுக்குத் தலை சுற்றியது. இவ்வளவு மானத்தைக் கொட்டியும் ஒன்றும் நகரவில்லையா?

கோதண்டராமன் பார்த்தசாரதியைப் பார்த்தார். “நீங்க முதல் இதழ் படிச்சிருக்கீங்களா தம்பி?”

“படிக்காம? வூட்டுல கீது சார்.”

“அட்டை என்ன கலர்?”

பார்த்தசாரதி ஒரு கணம் திணறினான். “பச்ச.”

ஸ்ரீதேவி பையிலிருந்து சிவப்பு அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தார்.

“சரி, யார்கிட்ட முதல் இதழ் இருக்கோ அவங்க கையைத் தூக்குங்க” என்றார் கோதண்டராமன். ஒரு கையும் எழவில்லை. பதினாறு பேரும் அவரவர் செருப்பைப் பார்த்தார்கள். கோதண்டராமன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். “கடலோரத்துக்குப் போட்ட முதல் கட்டு மழையில நனைஞ்சு திரும்பி வந்துடுச்சு. எவனாவது கிடைக்கலைன்னு ஒரு கார்டு போடுவான், மறுபடி அனுப்பலாம்னு பார்த்தேன். ஒருத்தனும் போடல. சரி, எப்படியோ வாங்கிட்டாங்கன்னு விட்டுட்டேன். ஏன்யா, இல்லைன்னு கேக்கறதுக்கு அவ்வளவு வெக்கமா?”

மனுவை நாலாகக் கிழித்து மேசைக்கடியில் போட்டார். “தேவியே எழுதுவாங்க.”

பெஞ்சமினுக்கு அப்பாடா என்றிருந்தது. கையோடு கொண்டுவந்திருந்த மன்ற ஸ்டாம்பைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கோதண்டராமன் முன்னால் வைத்தார். அதை எடுத்துக்கொள்ள யாரும் கை நீட்டவில்லை. ஸ்ரீதேவி புத்தகத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்து வந்து அவர் முன்னால் நின்றார்.

“வேலை தப்பிச்சுடுச்சு, சரி. நீங்க இங்க சொன்னது பதினாறு பேர் காதுல விழுந்தது. அந்த வரியை ஆயிரம் பேர் படிச்சாங்க, கண்டக்டர் சார்.” அவ்வளவுதான் சொன்னார். வெளியே போய்விட்டார். அடித்திருந்தால்கூடத் தேவலை.

பன்னிரண்டாம் இதழின் வாசகர் பக்கத்தில், அதே இடத்தில், கட்டம் கட்டி இது வந்தது.

‘முதல் இதழைப் படிக்காமலே பத்து மாதம் கத்தியவன் நான். தேவி அவர்களைச் சமைக்கப் போகலாம் என்றும் எழுதினேன். என் மனைவி ஜெனிட்டா காலை ஷிப்டுக்குப் போவதால் எங்கள் வீட்டில் சமைக்கிறவன் நான்தான். அந்தக் கார்டை எழுதிய அன்றும் கருவாட்டுக் குழம்பை இறக்கிவைத்த கையோடுதான் எழுதினேன். அப்படி எழுதியது எனக்கு வெட்கமாக இருக்கிறது. — பெஞ்சமின், புதுப்பட்டினம், வாசகன்.’

கடைசிப் பக்கத்தில் ஒரு புது விதி இருந்தது. ‘இருபது முகப் பகடை கிடைக்காதவர்கள் தாயக்கட்டையில் ஆடலாம். அதில் நாலு, ஐந்து, ஆறு, பன்னிரண்டு எது விழுந்தாலும் பிழைப்பார்.’ பெஞ்சமின் கணக்குப் போட்டுப் பார்த்தார். பதினாறுக்கு ஏழு. கிட்டத்தட்ட அதே நாற்பத்துச் சொச்சம். தாயக்கட்டையைத் தொட்டுப் பார்க்காதவர் போட்ட கணக்கா இது? டீக்கடையில் அன்று சாயங்காலம் முதல் தடவையாக ஒரு செத்த வீரன் எழுந்து உட்கார்ந்தான். ஒருத்தனும் கைதட்டவில்லை.

அந்தப் புதன்கிழமை ஸ்ரீதேவி அணுபுரத்தில் ஏறினார். இரண்டு மாதமாகச் சில்லறையைக் கொடுத்து டிக்கெட்டை வாங்கிக்கொள்வதோடு சரி, பேச்சே கிடையாது. அன்றைக்கு நின்று, பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி கேட்டார்.

“இன்னிக்கு என்ன குழம்பு, கண்டக்டர் சார்?”

எல்லாத் தலையும் திரும்பியது. காலேஜ் பையன்கள் கெக்கெக்கே என்று சிரித்தார்கள். பெஞ்சமினுக்குக் காது சிவந்தது. “வத்தக்கொழம்பு மேடம்” என்றார், தலையை நிமிர்த்தாமல்.

ஸ்ரீதேவி சிரிக்கவில்லை. பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்துச் சில்லறையோடு அவர் கையில் வைத்தார். சிவப்பு அட்டை; தண்ணீர் பட்டு ஓரமெல்லாம் உப்பி, பக்கங்கள் அலையலையாக நெளிந்திருந்தன. நனைந்த கட்டிலிருந்து காயவைத்தது. “திட்டணும்னா திட்டுங்க. படிச்சுட்டுத் திட்டுங்க” என்று சொல்லிவிட்டு ஜன்னல் ஓரம் போய் உட்கார்ந்துகொண்டார்.

செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டில், வண்டி திரும்ப இருந்த இருபது நிமிஷத்தில், பெஞ்சமின் கடைசி சீட்டில் உட்கார்ந்து அதைப் படித்தார். பதினேழாம் பக்கத்தில் ஒரு தப்பு இருந்தது. நிஜமான தப்பு, போன பக்கத்தில் செத்த குதிரை இங்கே தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. கை துறுதுறுத்தது. டிக்கெட் பையிலிருந்து ஒரு கார்டை எடுத்து முழங்கால்மேல் வைத்துக்கொண்டார். பேனாவைத் திறக்கவில்லை. முதல் பக்கத்துக்குத் திருப்பி, மறுபடியும் ஆரம்பத்திலிருந்து படிக்க ஆரம்பித்தார்.